சட்டசபையில் ஓர் அம்மையார்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

சட்டசபை உறுப்பினர் ஒருவரது பணியைப் பற்றி இன்று பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். பள்ளியில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் என் போல்வானுக்கு அரசியற் பொருள் அத்துணைப் பழக்கமுடையதன்று. ஆயினும் கட்டளையை மறுக்க மனம் ஒருப்படவில்லை. யாரைப் பற்றிப் பேசலாம் என நண்பர் சிலரை உசாவினேன். "நம்மவருள் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்; நமக்கும் பெருமை, கேட்போர்க்கும் ஊக்கம்" என்றனர். அவர்கள் கூறியது பிழையன்று. நம்மவருள்ளும் சபை புகுந்து நற்பணி ஆற்றியவர்கள் உளர். எனினும் யான் எடுத்துக்கொண்டது நம் குலத்தவரல்லாத ஒருவரை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரே அவர்.

அதற்குரிய காரணத்தை முன்னரே கூறிவிடுதல் நலம். இன்றைய நிகழ்ச்சி நிரலில் நம் பெண்மக்களுக்குரிய விடுதியைப் பற்றிய தீர்மானம் ஒன்று உளது. அஃது இவ்வவைக்குப் புதியதன்று. முன்னைய ஆண்டுக் கூட்டங்களிலும் கைதட்டலோடு நிறைவேறியதே. தீர்மானம் நிறைவேறுதலுக்கும் காரியம் நிறைவேறுதலுக்கும் இடையில் எத்துணைத் தொலைவு உண்டு என்பதை நம் சங்கத்தார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தொலைவைக் காலால் நடந்து கடந்தவர் இவ்வம்மையார். ஆகலின் அவர் வரலாறு இன்றைக்குப் பொருந்துமெனக் கருதினேன்.

அம்மையார் பிறந்தது புதுக்கோட்டை. நாள் 1886 சூலை 30. அந்நாளில் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரது ஆட்சிக்குட்பட்ட தனிச் சமஸ்தானம். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவராயிருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசைவேளாளர் குலத்துப் பெண்மணி. இத்தாய்வழிக் குலத்தை அம்மையார் மறைத்தவரல்லர். பின்னாளில் அவர் எடுத்துக்கொண்ட பெரும்பணிக்கு வேர் அங்கேதான் இருந்தது. பெண்கள் கல்லூரிப் படி ஏறுதல் கேட்டறியாத காலத்தில், ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் தமக்கும் இடம் வேண்டுமென விண்ணப்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது ஆணை வழங்கினார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். மணக்கு முன்னரே அம்மையார் ஒரு நிபந்தனை விதித்தார்: தம்மை நிகராக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடை செய்யலாகாது. சுந்தர ரெட்டியார் அதற்கு இசைந்ததோடு, இறுதிவரை அச்சொல்லைக் காத்தும் நின்றார். நம் இல்லங்களில் இப்பொழுது பெண் பார்க்கச் செல்வோர் இதனைச் சிறிது நினைவிற் கொள்வாராக.

நிற்க. இனிச் சட்டசபைக்கு வருவோம்.

1919 ஆம் ஆண்டு அரசியற் சீர்திருத்தத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் 98 இடங்கள் தேர்தலுக்குரியவை, எஞ்சியவை நியமனத்திற்குரியவை. பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதற்கு அச்சபை 1921 இல் இசைந்தது. இவ்வகையில் இந்திய மாகாணங்களுள் சென்னையே முந்தியது. ஆயின் வாக்களிக்கும் உரிமை வந்தபோது, வாக்குக் கேட்டு நிற்கும் உரிமை உடன் வரவில்லை. அஃது 1926 இல்தான் கிட்டியது. அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்தியாய மங்களூர்ப் பகுதியில் நின்று, சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றார். தேர்தல் வாயிலாக ஒரு பெண்ணும் சபையேறவில்லை. 1917 இல் அடையாற்றில் தொடங்கப்பெற்ற இந்திய மாதர் சங்கத்தார், நியமன இடங்களுள் ஒன்றையேனும் ஒரு பெண்ணுக்கு அளிக்குமாறு அரசாங்கத்தை வேண்டினர். மேனாட்டில் மருத்துவ ஆராய்ச்சி முடித்துத் திரும்பியிருந்த முத்துலட்சுமி அம்மையாரை நாடி அவ்விடம் வந்தது.

அம்மையார் முதலில் தயங்கினார். மருத்துவத் தொழிலுக்கு இடையூறாகும் என்பது அவர் அச்சம். பதவியைத் தேடிச் செல்வோர் மலிந்த உலகில், தேடி வந்த பதவியைக் கண்டு தயங்கினவர் அவர். இறுதியில் இசைந்தார், பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டசபை புகுந்த முதற் பெண்மணியாயினார். 1927 இல் அச்சபை அவரை உதவித் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. ஒரு சட்டசபையின் உதவித் தலைமையை ஒரு பெண் ஏற்றது உலகத்திலேயே அதுதான் முதன்முறை என்பர்.

இவ்விடத்துத் தமிழாசிரியனாகிய யான் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. திருவள்ளுவர் அவையறிதல் என ஓர் அதிகாரமும் அவையஞ்சாமை என ஓர் அதிகாரமும் வகுத்து, அறிதலை முன்னும் அஞ்சாமையைப் பின்னும் வைத்துள்ளார். அம்முறை வைப்புப் பொருள் பொதிந்தது. அவையின் இயல்பை அறியாதவன் காட்டும் அஞ்சாமை வெறும் ஆரவாரமாய் முடியும். அம்மையார் அவையை அறிந்தார். தாம் நியமன உறுப்பினர்; தமக்குப் பின்னால் கட்சியில்லை; தம்மைப் போல மற்றொரு பெண்ணும் அங்கில்லை; ஆகவே ஒவ்வொரு வாக்கையும் கேட்டே பெறவேண்டும் என்பது அவர்க்கு நன்கு தெரியும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பரிசோதனை, ஏழைப் பெண்களின் கல்வி எனச் சபையில் அவர் எடுத்த பொருள்கள் பல. மணவயதைப் பெண்ணுக்கு 16 ஆகவும் ஆணுக்கு 21 ஆகவும் உயர்த்த வேண்டுமென 1928 இல் தீர்மானம் கொணர்ந்தார். மறு ஆண்டு இந்தியா முழுமைக்கும் வந்த சாரதா சட்டம் 14, 18 என்னும் எல்லையோடு நின்றது. அவர் கேட்டது அதனினும் மிகுதி.

இவை ஒருபுறமிருக்க, அவரது சட்டசபை வாழ்வுக்கு உயிர்நாடியாய் அமைந்தது ஒன்றே. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழித்தல் என்பதே அது.

இளைஞர்களுக்கு இதனைச் சிறிது விளக்கிச் சொல்லவேண்டும். தேவதாசியர் எனப்பெற்றோர் கோயில்தோறும் ஆடலும் பாடலும் வழிபாட்டு ஊழியங்களும் செய்துவந்தனர். அவ்வூழியத்திற்கு ஈடாக அவர்கட்கு இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஊழியம் செய்யும் வரையில் நிலம். ஊழியம் நின்றால் நிலமும் போகும். ஆதலால் ஒரு குடும்பம் தன் நிலத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின், தலைமுறைதோறும் ஒரு பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்டியே ஆகவேண்டும். பொட்டுக்கட்டப் பெற்றவளுக்கு மணம் இல்லை. செல்வர் ஒருவரது ஆதரவில் வாழ்வதே வழக்கமாயிற்று. கலைச்சிறப்போடு வாழ்ந்தாரும் அவர்களுள் இருந்தனர். இழிநிலைக்குத் தள்ளப்பட்டாரும் இருந்தனர். இளஞ்சிறுமியரைத் தீய நெறிக்கு விற்றலைத் தண்டிக்கும் விதிகள் குற்றச்சட்டத்தில் இருந்தன. ஆயினும் கோயிற் சடங்கின் மறைவில் நடப்பதை அவ்விதிகளால் எளிதில் மெய்ப்பிக்க இயலவில்லை. 1912 இலேயே இந்திய அரசாங்கத்தின் சட்டசபையில் இது குறித்து மசோதாக்கள் கொணரப்பட்டன, ஒன்றும் சட்டமாகவில்லை. மைசூர்ச் சமஸ்தானம் மட்டும் 1909 இல் தன் கோயில்களில் இவ்வழக்கத்தைத் தடுத்து ஆணையிட்டிருந்தது.

1927 நவம்பரில் அம்மையார் சபையில் தீர்மானம் கொணர்ந்தார். இவ்வழக்கத்தை நிறுத்துதற்கு அரசாங்கம் சட்டம் செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். சபை அதனை ஏற்றது. ஆனால் சட்டசபைத் தீர்மானம் என்பது யாது? பரிந்துரையன்றி வேறில்லை. அரசாங்கத்தார் விரும்பின் கைக்கொள்ளலாம். விரும்பாவிடின் கோப்பில் வைத்துக் கட்டிவிடலாம். சட்டமாதலுக்கு மசோதா வேண்டும். அதனைப் பலருடைய கருத்துக்கும் அனுப்பல் வேண்டும். வேண்டுமாயின் ஆராய்ச்சிக் குழுவிடம் விடல் வேண்டும். பின்னர் விதி விதியாக விவாதித்து நிறைவேற்றி, மேலிடத்து ஒப்புதலும் பெறல் வேண்டும். தீர்மானத்தோடு மகிழ்ந்து வீடு திரும்புவோர் பலர். அம்மையார் மறு ஆண்டே தாமே ஒரு மசோதாவோடு வந்தார்.

அவர் எந்த இடத்திலிருந்து தொடங்கினார் என்பதை நோக்குங்கள். வழக்கத்தைத் தடை செய்யும் விதியைக் கையில் எடுக்கவில்லை, நிலத்திற் கைவைத்தார். ஊழியக் கடப்பாட்டை அறுத்து, ஒரு தீர்வை கட்டும் ஏற்பாட்டோடு அந்நிலத்தை அனுபவித்து வந்த பெண்ணுக்கே உரிமையாக்க வேண்டும் என்றார். இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்திய இம்மசோதா நிறைவேறி, 1929 ஆம் ஆண்டின் 5 ஆவது சட்டமாயிற்று. இதனால் விளைந்தது யாது? மகளுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் சோறு போய்விடும் என்ற அச்சம் நீங்கிற்று. வழக்கத்தின் வேர் பக்தியில் எவ்வளவு, பசியில் எவ்வளவு என்று நாடி பார்த்தவர் அம்மையார், மருத்துவரல்லரோ! புண்ணின் மேல் மருந்து தடவுதற்கு முன் உள்ளிருக்கும் முள்ளை வாங்க வேண்டும் என்பது அவர்க்குக் கைவந்த பாடம். அவரது சட்டசபைப் பணியில் யான் மிகவும் வியப்பது இதனையே. மேடைகளில் இதனை எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

எதிர்ப்பும் வலிதாய் இருந்தது. எதிர்த்தவர்களுள் சத்தியமூர்த்தி அவர்களைப் போன்ற பெரும் தேசபக்தரும் நாவலரும் இருந்தனர். கோயில் மரபும் கலையும் அழிந்துபடும் என்பது அவர்கள் வாதம். அம்மையார் சத்தியமூர்த்தியாருக்குச் சுடச்சுடக் கூறியதாக ஒரு விடை மேடைதோறும் வழங்கி வருகின்றது. கேட்போர் கைதட்டுதற்கு அது நன்று. ஆயினும் யான் ஈண்டு எடுத்தாளேன். நாவன்மையால் வென்ற ஒருவராக அம்மையாரைக் காட்டுதல் அவரது பொறுமையைக் குறைத்துக் காட்டுவதாகும்.

இவ்வெதிர்ப்பினும் நம் சிந்தனைக்கு உரியது பிறிதொன்று. அத்தேவதாசியருட் பலரே சட்டத்தை எதிர்த்தனர்! சங்கமாகக் கூடி அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் எழுதினர். திருவையாற்றில் தியாகராச சுவாமிகளுக்குத் தம் பொருளைக் கொண்டு சமாதிக் கோயில் எடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களும் எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். "எங்களுள் தவறு செய்வார் இருப்பின் தண்டியுங்கள், எங்கள் குலம் முழுவதையும் இழிவுசெய்யும் சட்டம் எதற்கு? எங்களுக்குக் கல்வி கொடுங்கள்" என்ற போக்கில் அவர்கள் முறையிட்டனர்.

மணிமேகலைக் காப்பியத்தை வகுப்பில் நடத்தும்போது, சித்திராபதி என்னும் பாட்டியைக் கொடியவளாகவே நாம் காட்டிவிடுகிறோம். மாதவி தன் மகளைத் துறவு நெறியிற் செலுத்த, சித்திராபதி அது பொறாது, பேத்தியைப் பழைய வாழ்வுக்கே இழுத்துவர முயல்கின்றாள். அவள் செயல் தீதே. ஆனால் அவள் வாழ்ந்த உலகத்தில் அவளுக்கிருந்த பெருமையும் பொருளும் அவ்வொரு வாழ்வினின்றே வந்தவை என்பதை மாணாக்கர்க்கு யார் எடுத்துரைக்கின்றனர்? நாகரத்தினம்மாள் போன்ற இசைச்செல்வியரைச் சித்திராபதியோடு ஒப்பிடுவது என் கருத்தன்று, அஃது அடாது. ஒரு சட்டம் யாரைக் காக்க எழுகின்றதோ, அவர்களிடமிருந்தே எதனையோ பறித்தும் விடக்கூடும் என்பதைக் காட்டவே இதனைக் கூறினேன். மற்றைப் பெண்களுக்குச் சொத்துரிமை அரிதாயிருந்த காலத்தில் தேவதாசியர் குடும்பங்களில் சொத்துப் பெண்வழியாக இறங்கி வந்தது. மகளைத் தத்தெடுக்கும் உரிமையும் அவர்கட்கு இருந்தது. பழைய முறை கலைந்தபோது அவ்வில்லங்களின் ஆண்மக்கள் தலையெடுத்தனர் என்றும், பெண்களின் கை தாழ்ந்தது என்றும் ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். இக்குறையை நாம் மூடி மறைக்க வேண்டுவதில்லை.

எனினும் அக்குலத்தாரனைவரும் ஒரு பக்கமாய் நின்றனர் என்று எண்ணற்க. அவ்வாழ்வின் கொடுமையைத் தாமே அறிந்த மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் ஊர் ஊராய்ச் சென்று பொட்டுக்கட்டும் வழக்கத்தைக் கண்டித்தார். பின்னர் 1936 இல் இதனையே பொருளாகக் கொண்டு ஒரு நாவலும் வெளியிட்டார். இசைவேளாளர் மாநாடுகளில் அக்குலத்து ஆடவரும் பெண்டிரும் சீர்திருத்தத்தை ஆதரித்தனர். ஒரு குலத்தின் சங்கம் தன் வீட்டுக் குறையைத் தானே அவையில் எடுத்துரைக்குமாயின், வெளியிலிருந்து வரும் நூறு உபதேசங்களினும் அது வலிதாகும். காந்தியடிகளும் 1929 இல் தம் யங் இந்தியா இதழில் அம்மையாரின் முயற்சியை ஆதரித்து எழுதினார்.

1930 தொடக்கத்தில் அம்மையார் இரண்டாம் மசோதாவைக் கொணர்ந்தார். பொட்டுக்கட்டுதலையே தடைசெய்வது அது. வழக்கம்போல் அது கருத்தறியும்பொருட்டு ஊரெங்கும் சுற்றுக்கு விடப்பட்டது. இதற்கிடையில் நாட்டில் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. மே 5 ஆம் நாள் காந்தியடிகள் சிறைப்பட்டார். நியமனத்தால் வந்த இடத்தில், நியமித்த அரசாங்கமே காந்தியடிகளைச் சிறையிட்ட பின்னரும் அமர்ந்திருத்தல் தகாது எனக் கருதி அம்மையார் பதவியைத் துறந்தார்.

அன்பர்களே, இத்துறவின் விலையை எண்ணிப் பாருங்கள். உதவித் தலைமை போயிற்று, அஃதொரு பொருளன்று. அவர் உள்ளத்துக்கு உகந்த மசோதா சபையில் ஊசலாடிக் கொண்டிருந்தது. கொணர்ந்தவர் இல்லாத மசோதா தாயில்லாப் பிள்ளை. அதன் கதி யாவரும் அறிந்ததே. சில திங்கள் பொறுத்திருந்தால் அது கரையேறியிருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. பதவியில் ஒட்டிக் கொண்டிருத்தற்கு "என் பணி முடியவில்லை" என்பதைக் காட்டிலும் எளிய சாக்கு பிறிதில்லை; நம் காலத்தில் அதனை நாள்தோறும் கேட்கிறோம். அவர் அச்சாக்கைக் கைக்கொள்ளவில்லை. அவ்வளவே யான் கூறவல்லேன். சபையில் அவர் இருந்த காலம் நான்கு ஆண்டும் நிரம்பவில்லை. அவ்வநுபவங்களை 1930 இலேயே ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.

பின் நிகழ்ந்ததே என் பேச்சின் நடுப்பொருள்.

பொட்டுக்கட்டு வாழ்வினின்று தப்பிய பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர்களை எங்கே சேர்ப்பது? நகரத்தில் இருந்த மாணவியர் விடுதிகளில் இடம் கேட்டார். குலத்தையும் பிறப்பையும் காரணங்காட்டிக் கதவடைத்தனர். சட்டம் செய்க என்று சபையில் முழங்கியவர், சட்டம் விடுவித்த பெண்ணுக்கு ஒரு பாயும் ஒரு வேளைச் சோறும் இல்லாமையைத் தம் வாயிற்படியிலேயே கண்டார். தம் வீட்டையே திறந்துவிட்டார். அதுவே ஔவை இல்லம். சின்னாட்களில் அதற்குத் தனியிடம் அமைந்தது. 1936 இல் அடையாற்றுக்குச் சென்றது. அங்கே தங்கிய பெண்கள் படித்தனர்; ஆசிரியைகளாயும் செவிலியராயும் தொழில் கற்றுத் தம் காலில் நின்றனர்.

ஔவை என்னும் பெயர் எனக்கு உவகை தருவது. பண்டை ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். இவ்வம்மையாரோ ஒரு தொண்டைமானின் ஊரிலிருந்து புறப்பட்டு, நாவற்ற சிறுமியருக்காக அரசவைக்குத் தூது சென்றார். (அத்தொண்டைமான் வேறு, புதுக்கோட்டைத் தொண்டைமான் வேறு. என் மாணாக்கர் சிலர் இங்கு இருப்பதால் இதனையும் சொல்லி வைக்கிறேன். தேர்வில் மயங்கி எழுதிவிடக் கூடாது!) மணிமேகலையும் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மன்னனிடம் வேண்டிப் பெற்றவளே. அவளுக்கு மன்னன் இசைந்தான். நம் அம்மையாருக்கு அரசாங்கம் இசைவதற்குள் பதினேழு ஆண்டுகள் சென்றன.

அப்பதினேழு ஆண்டுகளிலும் அவர் வாளாவிருக்கவில்லை. மாதர் சங்கத்தின் ஸ்திரீ தர்மம் என்னும் இதழின் ஆசிரியராயிருந்து எழுதினார். பத்திரிகைகளில் வாதிட்டார். 1932 இல் கிருஷ்ண ஐயருக்கும் அவருக்கும் சதிர் ஆட்டம் பற்றி நடந்த சொற்போர் பெயர்பெற்றது. நல்லோர் அவைகளில் அவ்வாட்டத்துக்கு இடமே கூடாது என்றார் அம்மையார். கலை காக்கப்படுதல் வேண்டும் என்றார் ஐயர். இதில் அம்மையாரோடு யான் முற்றும் உடன்படுகிலேன். நோயை நீக்க வந்தவர் நோயாளியின் அணிகலனையும் களைந்தெறியச் சொன்னது போலாயிற்று. ஆட்டம் அழியவில்லை, பரதநாட்டியம் என்னும் பெயரோடு வேறு இல்லங்களுக்குக் குடிபெயர்ந்தது. அதனைத் தலைமுறைதோறும் காத்தவர்களுள் பாலசரஸ்வதி போன்ற சிலரே பழைய மரபின் பெயரோடு புகழ் நிறுத்தினர், மற்றையோர் மறக்கப்பட்டனர். இதற்கு அம்மையார் ஒருவரையே பொறுப்பாக்குதல் நீதியன்று. எனினும் அவர் வரலாறு கூறுவோர் இதனை விட்டுச் செல்லலாகாது.

திருவிதாங்கூர் 1930 இலும், பம்பாய் மாகாணம் 1934 இலும் வழி கண்டன. சென்னையில் 1947 இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது, தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. பொட்டுக்கட்டுதல் குற்றமாயிற்று, பொட்டுக்கட்டப் பெற்றவளும் மணஞ்செய்துகொள்ளுதற்கு உரியள் என்று சட்டமே கூறிற்று. சட்டம் நிறைவேறியபோது அம்மையார் அச்சபையில் உறுப்பினர் அல்லர். வயது அறுபத்தொன்று. எனினும் அச்சட்டத்தை நினைப்பவர் எவரும் அவர் பெயரையே முதலிற் கூறுகின்றனர்.

பிற்காலப் பணிகளைச் சுருங்கச் சொல்லி அமைவேன். இளைய தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்நோய்க்கென ஒரு தனி மருத்துவமனை வேண்டுமென 1935 முதலே கேட்டுவந்தார். அந்நோய் வந்தால் சாவு திண்ணம். அதற்கு மருத்துவமனை எதற்கு என்றாரும் இருந்தனர். 1952 இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954 இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. முதலில் அதற்கிருந்த படுக்கைகள் பன்னிரண்டே. இன்று அங்குச் சென்று நலம்பெற்று வந்தவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். 1956 இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 சூலை 22 இல் மறைந்தார். கருவுற்ற ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு உதவித்தொகை வழங்கும் திட்டம் அவர் பெயர் தாங்கியுள்ளது. நம் சகோதரியருட் பலர் அப்படிவத்தை நிரப்பியிருப்பீர்கள். அதில் வரும் பெயர் யாருடையதென இனி உங்கள் பிள்ளைகள் வினவினால் விடை கூறலாம்.

தேர்தல் வருந்தோறும் நம்முள் ஒரு கணக்குப் போடுகின்றோம்: நம்மவர் எத்தனை பேர், எத்தொகுதியில் நம் வாக்கு எத்துணை, நம்மவருக்கு இடம் கிடைக்குமா, கிடையாதா என்று. அக்கணக்கு வேண்டாவென்று யான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் கேட்கப்போவதுமில்லை. ஆனால் இடம் பெற்றவரிடம் நாம் பின்னர் என்ன கேட்கிறோம்? மகனுக்கு ஒரு வேலை, மருமகனுக்கு ஓர் இடமாற்றம், திருமணத்துக்கு ஒரு வருகை. சபையில் அவர் எந்த மசோதாவில் வாய் திறந்தார், எதற்கு வாக்களித்தார் என்று நம் சங்கம் எப்போதேனும் ஓர் அஞ்சலட்டையிலாவது எழுதிக் கேட்டதுண்டா? முத்துலட்சுமி அம்மையாரை அனுப்பிய மாதர் சங்கத்தார் அவரிடம் தங்களுக்கென வேலை கேட்கவில்லை, வேலையைக் கொடுத்தனர். அதனை அவர் செய்தார்.

ஆகவே விடுதித் தீர்மானத்துக்கு வருகிறேன். நம் கல்வி நிதியிலிருந்து பெண்மக்களுக்குச் செலவாவது மிகக் குறைவு என்பது ஆண்டறிக்கையைப் பார்த்தார்க்குப் புலனாகும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நம் பெண்களை யானே பள்ளியில் அறிவேன். அவர்கள் மதிப்பெண் குறைந்தவர்களல்லர். மேல்நிலைப் பள்ளி தொலைவு; நகரத்தில் தங்க இடமில்லை; தந்தைமார்க்கு அச்சம். இதற்கு மண்டபம் கட்டும் அளவுக்குப் பொருள் வேண்டா. ஔவை இல்லம் ஒரு வீட்டில் தொடங்கியதே. நகரத்தில் சங்கத்துக்குரிய பழைய கட்டடத்தின் மாடி ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. எட்டுப் பெண்கள் தங்குதற்கு அது போதும். பொறுப்பேற்க ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நம்முள்ளேயே கிடைப்பார்.

தீர்மானத்தை இனிக் காரியதரிசி அவர்கள் படிப்பார்கள். அதனை முன்னரே பார்த்தேன். பொறுப்பேற்பவர் யார், எந்நாளுக்குள், எத்தொகை என்னும் மூன்று இடங்கள் அதில் வெறுமையாக விடப்பட்டுள்ளன. அவற்றை வேறொரு கூட்டத்துக்கு ஒத்திவையாமல், இவ்வவை கலைவதற்கு முன்னரே நிரப்புமாறு தலைவர் அவர்களையும் உங்களனைவரையும் வேண்டி, என் உரையை நிறுத்துகிறேன்.